ஆம்பளைக்கும் நீர் கசியும்: யாரும் சொல்லித் தராத ஒரு பயிற்சி

கொஞ்சம் நீளமான இழை இது. வீட்டில் அறுபது தாண்டிய அப்பா, தாத்தா, மாமனார் யாராவது இருந்தால் கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. முடிஞ்சா அவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

ஆலங்குளத்திலிருந்து மாசாமாசம் பிரஷர் மாத்திரைக்கு என்னிடம் வருகிற ஒரு அய்யா. வயசு அறுபத்தெட்டு. (அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) எப்பவும் மகன் பைக்கில் வருவார், பிரஷர் பார்ப்பார், மாத்திரை எழுதி வாங்கிப் போய்விடுவார். ஒரு தடவை அவர் வீட்டம்மாவும் கூட வந்திருந்தாங்க.

"சார், இவுக இப்பல்லாம் எங்கயும் வர மாட்டேங்காக. ஸ்ரீவில்லிபுத்தூர்ல பேத்திக்குக் காதுகுத்து. அதுக்கும் வரலைன்னுட்டாக. பஸ்ல ஏறுவோம்னு சொன்னாலே சண்டைக்கு வாராக. என்னன்னு கேளுங்க சார்."

அய்யா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னேன். கதவு சாத்தின பிறகும் இரண்டு நிமிஷம் பேச்சில்லை. அப்புறம் வேட்டியை விலக்கிக் காட்டினார். உள்ளே, காஸ் துணியை நாலாக மடிச்சு வச்சிருந்தார். நனைஞ்சிருந்தது.

நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் அனுப்புகிற ஊர் நம்ம சத்திரப்பட்டி. அந்தத் துணி பக்கத்து ஊர் ஆம்பளைக்கு இப்படியும் ஒரு உபயோகத்துக்கு வந்திருக்கு.

"ஆபரேஷன் பண்ணி ஒண்ணேகால் வருஷம் ஆச்சு சார். நீர் அடைப்பு சரியாப் போச்சு. ஆனா இருமினா, எந்திரிச்சா சொட்டுது. மூத்திர வாடை அடிக்குமோன்னு பயந்துதான் பஸ்ல ஏறுறதில்ல. வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

ஒண்ணேகால் வருஷம். அதில் பதினஞ்சு தடவையாவது என் எதிரில் உட்கார்ந்திருக்கார். நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தப்பு என்னுடையது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிரசவம் முடிந்த பெண்களுக்கு நீர் கசியும் என்பது ஓரளவுக்காவது பேசப்படுகிறது. இரும முடியாமல், சிரிக்க முடியாமல் தவிக்கிற அம்மாக்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். ஆண்களுக்கும் அதே தொல்லை வரும் என்பதைப் பேச ஆளில்லை. டயப்பர் வாங்கக்கூட மகனை அனுப்பாமல், தெரியாத ஊர் மெடிக்கலில் போய் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

சிறுநீர்ப்பையை ஒரு தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்க. தொட்டியின் அடியில், கழுத்துப் பகுதியில் ஒரு வால்வு. அது தானாக இயங்குவது. நம்ம பேச்சைக் கேட்காது. அதுக்குக் கீழே நீர்க்குழாயைச் சுற்றி நெல்லிக்காய் மாதிரி உட்கார்ந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. அதுக்கும் கீழே இன்னொரு வால்வு. இது நாம் சொன்னால் கேட்கும். கூட்டத்தில் இருக்கும்போது நீரை அடக்குகிறோமே, அது இந்த இரண்டாவது வால்வு பார்க்கிற வேலை.

இந்த இரண்டாவது வால்வுக்குக் கூடவே நின்று பலம் கொடுப்பவைதான் இடுப்புத் தளத் தசைகள். முன்னால் இருக்கிற இடுப்பு எலும்பிலிருந்து பின்னால் இருக்கிற வால் எலும்பு வரைக்கும் தொட்டில் கட்டின மாதிரி விரிந்து கிடக்கும். மேலே இருக்கிற சிறுநீர்ப்பை, குடல் எல்லாவற்றையும் தாங்குவது அந்தத் தொட்டில்தான்.

புராஸ்டேட் வீங்கி அடைக்கும்போது, நீர்ப்பாதை வழியாகவே கருவியை விட்டு உள்பக்கமாகச் சுரண்டி எடுப்பார்கள். டி.யு.ஆர்.பி. என்பது அதுதான். புற்றுநோய் என்றால் சுரப்பியை முழுசாகவே எடுப்பார்கள். இரண்டிலும் மேல் வால்வு பாதிக்கப்படும். அதுவரைக்கும் இரண்டு பேர் பார்த்த வேலையை இனிமேல் கீழ் வால்வு ஒண்டியாகப் பார்க்க வேண்டும். பழக்கமில்லாத ஆளிடம் திடீரென்று முழுப் பொறுப்பையும் கொடுத்தால் தடுமாறுவான் இல்லையா? அந்தத் தடுமாற்றம்தான் கசிவு. சுரண்டி எடுப்பவர்களில் சிலருக்குத்தான் இது நீடிக்கும். முழுசாக எடுப்பவர்களில் ஆரம்ப வாரங்களில் பெரும்பாலானவர்களுக்கு இருக்கும்.

அந்த ஆளுக்குப் பயிற்சி கொடுக்க முடியும். கை கால் தசையைப் போல இதுவும் தசைதான்.

1948-ல் ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர், பிரசவத்துக்குப் பிறகு நீர் கசியும் பெண்களுக்காக இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதினார். அதனால் "கெகல் பயிற்சி" என்றே பெயர் வந்துவிட்டது. யோகாவில் மூலபந்தம் என்று சொல்வதும் ஏறக்குறைய இதே தசைகளை இறுக்குவதுதான்.

பெண்களுக்காக வந்ததால் இது "பொம்பளைங்க எக்சர்சைஸ்" ஆகிவிட்டது. இப்போது யூட்யூபைத் திறந்தால் இதையே "ஆண்மைக்கு ரகசியப் பயிற்சி" என்று விற்கிறார்கள். ஒரு பக்கம் பிள்ளை பெற்றவர்கள், இன்னொரு பக்கம் இளவட்டங்கள். காஸ் துணியை மடிச்சு வச்சிருக்கிற அறுபத்தெட்டு வயசு அய்யா இரண்டிலும் சேர மாட்டார். தனக்குத்தான் இது ரொம்பத் தேவை என்று அவருக்குத் தெரியப்போவதே இல்லை. நாங்கள் டாக்டர்கள் சொன்னால்தான் உண்டு. நாங்கள் சொல்வதில்லை.

சரி, இது உண்மையிலேயே வேலை செய்யுதா? இதில் மழுப்பாமல் சொல்ல வேண்டியிருக்கு.

2000-ல் பெல்ஜியத்தில், புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை முழுசாக எடுத்த 102 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆளுக்கு ஆள் பயிற்சி சொல்லிக் கொடுத்த பிரிவில் மூன்று மாதத்தில் 100-க்கு 88 பேருக்குக் கசிவு நின்றிருந்தது. அப்படிச் சொல்லிக் கொடுக்காத பிரிவில் 56 பேருக்கு.

2011-ல் பிரிட்டனில் இதைவிடப் பெரிய ஆய்வு. முழுசாக எடுத்தவர்கள் 411 பேர், சுரண்டி எடுத்தவர்கள் 442 பேர். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, தனியாக உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. முழுசாக எடுத்தவர்களில் ஒரு பிரிவில் 76 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவு கசிவு மிச்சம் இருந்தது. இன்னொரு பிரிவில் 77 சதவீதம்.

அதே 2011-ல் அமெரிக்காவில் இன்னொன்று. ஆபரேஷன் ஆகி ஒரு வருஷத்துக்கு மேலும் கசிவு நிற்காத 208 பேர். எட்டு வாரம் இந்தப் பயிற்சியையும், அவசரத்தைச் சமாளிக்கும் முறையையும் சொல்லிக் கொடுத்தார்கள். வாரத்துக்கு 28 தடவை கசிந்தது 13 தடவையாகக் குறைந்தது. சும்மா காத்திருந்தவர்களுக்குக் கால்வாசி அளவுக்குத்தான் குறைந்தது.

மூன்றையும் சேர்த்து நான் புரிந்துகொள்வது இது. நிறையப் பேருக்கு நாள் ஆக ஆக உடம்பே ஓரளவு சரி செய்துகொள்ளும். பயிற்சி அந்த நாளைக் குறைக்கும். உடம்பு தானாகச் சரி செய்யாமல் விட்டவர்களுக்கும் பாதி அளவு நிம்மதி கொடுக்கலாம். எல்லாருக்கும் முழுசாக நிற்கும் என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீங்க.

"ஒரு வருஷத்தில் எப்படியும் ஒண்ணுதானே, எதுக்குப் பயிற்சி?" என்று கேட்கலாம். அந்த ஒரு வருஷத்தில் ஒரு ஆடிப்பூரத் தேர் வரும், இரண்டு கல்யாணம் வரும், ஒரு சாவு வரும். எதுக்கும் போகாமல் வீட்டு மூலையில் கிடந்த மனுஷனிடம் "ஒரு வருஷம்தானே" என்று என்னால் சொல்ல முடியாது. செலவில்லாத, பக்கவிளைவு பெரிதாக இல்லாத ஒன்றை அதுக்காகவாவது சொல்லித் தரணும் என்பது என் கட்சி.

ஆனால் ஆரம்பிக்கும் முன்னால் உங்களுக்கு வருவது எந்தக் கசிவு என்று தெரியணும்.

ஒன்று: இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் கசிவது. இதுக்குப் பயிற்சி உதவும்.

இரண்டு: அவசரம் வந்துவிட்டால் கக்கூஸ் கதவைத் திறப்பதற்குள் போய்விடுவது. பை தன்னிஷ்டத்துக்குச் சுருங்குவதால் வருவது. இதுக்கும் உதவும்.

மூன்று: போய் முடிச்சு, வேட்டியைச் சரி பண்ணின பிறகு நாலு சொட்டு விழுவது. குழாயின் வளைவில் தங்கின நீர் அது. ஆபரேஷன் ஆகாதவர்களுக்கும் வரும், நாற்பது வயசிலேயே வரும். இதுக்கும் உதவும்.

நான்கு: நாள் முழுக்க, தூக்கத்திலும் சொட்டிக்கொண்டே இருப்பது. அடிவயிறு கனமாக இருப்பது, முக்கினாலும் கொஞ்சமாக வருவது. இங்கே ஜாக்கிரதை. இது அடைப்பினால் தொட்டி நிரம்பி வழிவதாக இருக்கலாம். இதுக்குப் பயிற்சி செய்யக் கூடாது. உடனே டாக்டரைப் பார்க்கணும்.

ஒருவர் இப்படித்தான் வந்தார். இரண்டு மாசமாக வீடியோ பார்த்து விடாமல் பயிற்சி செய்திருக்கிறார். குறையவில்லை என்று வந்தார். அடிவயிற்றில் கை வைத்தால் பந்து மாதிரி பை. டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. கிட்னி வரைக்கும் அழுத்தம் போயிருந்தது. அவர் கசிவை நிறுத்தப் பார்த்தார். அவர் உடம்போ வழியவிட்டுத்தான் தப்பித்துக்கொண்டிருந்தது.

அதனால் முதலில் ஒரு யூரின் டெஸ்ட், சர்க்கரை, போய்விட்டு வந்த பிறகு பையில் மிச்சம் எவ்வளவு என்று பார்க்கிற ஒரு ஸ்கேன். பெரிய செலவு இல்லை. சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், நீரே வராமல் அடைப்பது, தொடை நடுவில் மரத்துப்போய்க் கால் பலம் குறைவது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இந்தப் பதிவைச் சேமித்து வைத்துப் பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீங்க.

அடிவயிற்றிலும் விதைக்குப் பின்னாலும் நாள்பட்ட வலி இருப்பவர்களுக்கு, தசை ஏற்கெனவே இறுகிப்போய் இருக்கலாம். அவர்களுக்கு இறுக்கும் பயிற்சி வலியைக் கூட்டும். தளர்த்தத்தான் கற்றுக்கொடுக்கணும்.

இப்போது பயிற்சி.

தசையைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. முழங்காலை மடக்கி மல்லாக்கப் படுங்க. நாலு பேர் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது வாயு வருகிறது, விடக் கூடாது. எப்படி அடக்குவீங்க? அப்படி ஆசனவாயை உள்ளே இழுங்க. கூடவே, போய்க்கொண்டிருக்கும் நீரை நடுவில் நிறுத்துகிற மாதிரி முன்பக்கத்தையும் இழுங்க. சரியாகச் செய்தால் ஆண்குறியின் அடிப்பகுதி லேசாக உள்ளே போகும், விதைகள் கொஞ்சம் மேலே ஏறும். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் தெரியும்.

தொடை இறுகக் கூடாது. பிட்டம் இறுகக் கூடாது. வயிற்றை எக்கக் கூடாது. மூச்சைப் பிடிக்கக் கூடாது. வாய்விட்டு ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணுங்க. எண்ண முடிந்தால் மூச்சைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

மெதுவான இறுக்கம்: இறுக்கி மூன்று எண்ணும் வரை பிடிங்க, அதே அளவு நேரம் முழுசாகத் தளர்த்துங்க. இப்படிப் பத்து தடவை. வாரம் போகப் போக மூன்றை ஐந்தாக்கி, பத்து வரைக்கும் கொண்டு போங்க.

வேகமான இறுக்கம்: சட்டென்று இறுக்கி, சட்டென்று விடணும். இதுவும் பத்து.

இரண்டும் சேர்ந்தது ஒரு சுற்று. ஒரு நாளைக்கு மூன்று சுற்று. காலையில் படுக்கையிலேயே ஒன்று, மத்தியானம் உட்கார்ந்துகொண்டு ஒன்று, சாயங்காலம் நின்றுகொண்டு ஒன்று. கசிவு நிற்கும்போதும் நடக்கும்போதும்தானே வருகிறது? அதனால் நின்று செய்வதை விட்டுவிடாதீங்க.

தளர்த்துவதும் பயிற்சியில் பாதி. ஒரே நாளில் நூறு, இருநூறு என்று செய்தால் தசை களைத்து, அன்று சாயங்காலம் கசிவு கூடத்தான் செய்யும்.

இருமல், தும்மல் வரும்போது, எழுந்திருக்கும்போது, மூட்டை தூக்கும்போது, அதுக்கு முந்தின நொடியில் ஒரு இறுக்கு. இதைப் பழக்கமாக்கினாலே பலருக்கு பாதி வேட்டி நனையாது.

அவசரம் வந்தால் ஓடாதீங்க. ஓடினால் பை இன்னும் குலுங்கிச் சுருங்கும். நின்ற இடத்தில் நின்று, வேகமாக ஐந்தாறு இறுக்கு. வேகம் அடங்கும். அப்புறம் நிதானமாக நடந்து போங்க.

கடைசிச் சொட்டுக்கு: போய் முடித்ததும் ஒரு முறை பலமாக இறுக்குங்க. பிறகு விதைப்பைக்குப் பின்னால் விரலை வைத்து, லேசாக அழுத்தி முன்பக்கமாகத் தள்ளிவிடுங்க. தங்கின நீர் அங்கேயே வந்துவிடும்.

நீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பதை, தசையைக் கண்டுபிடிக்க ஓரிரு தடவை மட்டும் செய்யலாம். தினசரிப் பயிற்சியாக அதைச் செய்யாதீங்க. பை முழுசாகக் காலியாகாமல் போகும். ஆபரேஷன் முடிந்து டியூப் இருக்கும்வரை எந்த இறுக்கமும் வேண்டாம். எடுத்த பிறகு, டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிங்க.

பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பத்து நாளில் விட்டுவிட்டு "நானும் செஞ்சு பாத்தேன்" என்று சொல்லக் கூடாது.

இன்னொன்று. கசியும் என்று பயந்து தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். நம்ம கரிசக்காட்டு வெயிலில் அது வினை. நீர் கெட்டியானால் பையை எரிச்சல்படுத்தி அவசரத்தைக் கூட்டும், கல்லும் வரும். தண்ணீரைக் குறைக்காதீங்க. டீ, காப்பியைக் குறைங்க. மலச்சிக்கல் இருந்தால் சரி செய்யுங்க. முக்கி முக்கியே தொட்டில் தளரும். பீடி இருமல் இருந்தால் பீடியை விடுங்க. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை எந்த நேரத்தில் போடுவது என்று டாக்டரிடம் கேளுங்க. நீங்களே நிறுத்தாதீங்க.

எங்கள் டாக்டர் கூட்டத்துக்கு இரண்டு வார்த்தை.

புராஸ்டேட்டைப் பார்க்க விரல் பரிசோதனை செய்கிறோம். அதே நேரத்தில் "இப்ப இறுக்குங்க அய்யா" என்று ஒரு வார்த்தை சொன்னால், அவருக்குத் தசை தெரிகிறதா, பலம் எவ்வளவு என்பது நம் விரலிலேயே தெரிந்துவிடும். கூடுதலாகப் பத்து நொடி. டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைகளுக்குக் கீழே இந்தப் பயிற்சியையும் எத்தனை, எத்தனை வேளை என்று எழுதணும். முடிந்தால் ஆபரேஷனுக்கு முன்னாலேயே கற்றுக்கொடுக்கணும். வலியும் டியூபுமாகக் கிடக்கும்போது புதுசாக ஒன்றைக் கற்பது கஷ்டம்.

அரசுக்கு ஒரு கோரிக்கை. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. தேவைப்படுகிறவர்களுக்கு பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருகிறார். புதுசாக ஆள் போட வேண்டாம், கருவி வாங்க வேண்டாம். வாசலில் நிற்கும்போது "நீர் கசியுதா அய்யா?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும். ஆண்களிடம் ஆண் பணியாளர் கேட்டால் இன்னும் நல்லது. பெண்களுக்கும் அதே கேள்வியைச் சேர்த்துக்கொள்ளட்டும். அவர்களுக்கும் கேட்க ஆள் குறைவுதான்.

நம்ம அய்யா விஷயத்துக்கு வருகிறேன்.

டெஸ்ட் எல்லாம் பார்த்தோம். பையில் மிச்சம் இல்லை, கிருமி இல்லை. பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தேன். முதல் நாள் தொடையையும் பிட்டத்தையும்தான் இறுக்கினார், மூச்சைப் பிடித்து முகம் சிவந்தது. இரண்டாவது தடவை வந்தபோதுதான் பிடிபட்டது. "இவ்ளோ சின்ன வேலையா சார்" என்றார். ஒரு மாசத்தில் ஒன்றும் மாறவில்லை என்று சலித்துக்கொண்டார். வீட்டம்மாதான் விடவில்லை. மூணு வேளைச் சாப்பாட்டோடு மூணு வேளைப் பயிற்சியையும் ஞாபகப்படுத்தியிருக்காங்க.

நாலாவது மாசம் தனியாக வந்தார். மகன் பைக்கில் இல்லை, ஆலங்குளத்திலிருந்து பஸ்ஸில்.

"முழுசா நிக்கல சார். கனமா இருமினா ஒண்ணு ரெண்டு சொட்டு வரத்தான் செய்யுது. இன்னமும் துணி வச்சுக்கிடுதேன். ஆனா ஒரு நாளைக்கு அஞ்சாறு துணி மாத்துனது ஒண்ணாப் போச்சு."

காதுகுத்து முடிந்து போயிருந்தது. அது திரும்ப வராது. அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு இருக்கு. இப்போதெல்லாம் அறுபது தாண்டின ஆண் யார் வந்தாலும் பிரஷர் பட்டையைக் கட்டும்போதே கேட்டுவிடுகிறேன். கேட்ட பிறகுதான் தெரிகிறது, எத்தனை பேர் இதை மனசுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தார்கள் என்று.

உங்கள் வீட்டிலும் பாருங்க. முன்பெல்லாம் விசேஷத்துக்கு முதல் ஆளாகக் கிளம்புகிறவர் இப்போது சாக்குச் சொல்கிறாரா? போகிற இடமெல்லாம் முதலில் கக்கூஸ் எங்கே என்று தேடுகிறாரா? கறுப்பு பேண்ட் மட்டுமே போடுகிறாரா? தன் துணியைத் தானே ஒளிச்சு ஒளிச்சுத் துவைக்கிறாரா? கிண்டல் பண்ணாமல், தனியாக உட்கார்ந்து கேளுங்க. அவராகச் சொல்ல மாட்டார்.

சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்க. கமெண்டில் கேட்கக் கூச்சமாக இருந்தால் உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் நேரில் கேளுங்க.